டேபிளுக்குள் காலியாகக் கிடந்த ஃபார்ம்

வலைப்பக்கத்தின் ஹெச்டிஎம்எல் விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் கருவியான வேலிடேட்டரைப் பொருட்படுத்துகிறவர்கள், பொருட்படுத்தாதவர்கள் என்று டெவலப்பர்களிடையே இரண்டு கட்சி எப்போதும் உண்டு. இரண்டாம் கட்சியின் வாதம் ஒரே வரியில் முடிந்துவிடும்: "பக்கம் ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" பல இடங்களில் இந்த வாதத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. வழக்கொழிந்த ஆட்ரிபியூட் ஒன்று மிச்சமிருக்கிறது, செக்‌ஷனுக்குத் தலைப்பு இல்லை, ஸ்டைல் டேக் பாடிக்குள் வந்துவிட்டது என்றெல்லாம் வேலிடேட்டர் புலம்புவதைக் காதில் போட்டுக்கொண்டே வேறு வேலையைப் பார்க்கலாம். பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஃபார்ம் (பயன்படுத்துகிறவர் தட்டியதைச் சர்வருக்கு அனுப்பும் டேக்) சம்பந்தப்பட்ட பிழைகளையும் இதே மூட்டையில் கட்டி ஓரமாக வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு உறுத்தும். ஏன் உறுத்துகிறது என்று அடித்துச் சொல்ல முடியாமல் பல வாதங்களைப் பாதியில் விட்டிருக்கிறேன். ஒரு பழைய பக்கம் கைக்கு வந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது.

பல கை மாறி வந்த நிர்வாகப் பக்கம் அது. சரக்குப் பட்டியல். ஒரு பெரிய டேபிள், வரிசைக்கு ஒரு பொருள், ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், எண்ணிக்கை, குறிப்பு என்று மூன்று இன்புட். அடியில் "வரிசை சேர்" என்றொரு பட்டன், அதன் பக்கத்தில் "சேமி". வந்த புகார் இதுதான்: "புதுசா சேர்த்த பொருள் சில சமயம் சேவ் ஆகறதில்ல." இந்தச் "சில சமயம்" இருக்கிறதே, எந்தப் புகாரையும் வாரக்கணக்கில் இழுத்துவிடும். சர்வர் பக்கம் இருந்தவர்கள் தங்கள் கோட் முழுவதையும் துருவிப் பார்த்தார்கள். லாகில் அந்த வரிசைகள் இல்லவே இல்லை. வந்த பிறகு காணாமல் போயிருந்தால் தேடலாம், வரவே இல்லாததை எங்கே போய்த் தேடுவது? கொஞ்ச நாள் நெட்வொர்க்கைக் குறை சொன்னார்கள். அப்புறம் பயன்படுத்துகிறவர்களையே குறை சொல்ல ஆரம்பித்தார்கள்: "சேமி அமுக்காம மூடியிருப்பாங்க."

பக்கத்தை வேலிடேட்டரில் போட்டதும் வழக்கம்போல நீளமான பட்டியல் வந்தது. முதல் பிழையே, டேபிளுக்குள் ஃபார்ம் டேக் தென்படுகிறது என்பதுதான். பக்கத்து இருக்கை நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "அது அந்தக் காலத்து எரர், விடுங்க. எல்லாப் பழைய பக்கத்துலயும் இருக்கும். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி முழு உண்மை.

## அங்கே ஏன் வைத்தார்கள்

டேபிளுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே ஃபார்மைச் சொருகுவது கவனக்குறைவால் வந்த பழக்கமல்ல, தெரிந்தே செய்த வேலை. பக்கத்தின் மொத்த அமைப்பையும் டேபிளால் கட்டிய நாட்களில், ஃபார்ம் முடியும் இடத்தில் பிரவுசர்கள் தாமாக ஓர் இடைவெளி விடும். டிசைனர் கொடுத்த படத்தில் அந்த இடைவெளி இருக்காது. தலைப்புப் பட்டையில் ஒரு தேடல் பெட்டி வைத்தால் போதும், பட்டை கீழே பிதுங்கிவிடும். ஃபார்ம் டேகை டேபிளுக்கும் டிஆருக்கும் (வரிசை) இடையிலோ, டிஆருக்கும் டிடிக்கும் (கட்டம்) இடையிலோ வைத்தால் இடைவெளி மறைந்துவிடும், தகவலும் ஒழுங்காகப் போய்ச் சேரும். 1999 டிசம்பரில் வந்த ஹெச்டிஎம்எல் 4.01 விதிப்படியே இது தவறுதான். டேபிளின் நேரடிப் பிள்ளைகளாக கேப்ஷன், கால்குரூப், டிஹெட், டிஃபுட், டிபாடி வகையறாவைத் தவிர வேறு எதற்கும் அங்கே இடமில்லை. விதி தெரிந்தவர்களே மீறினார்கள். ஃபார்முக்கு மார்ஜின் பூஜ்யம் என்று சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி எழுதினால் தீர்ந்துவிடும் என்பது எல்லோருடைய கைப்பழக்கமாக மாறுவதற்குள், சொருகிய ஃபார்ம் டெம்ப்ளேட் டெம்ப்ளேட்டாகப் பரவிவிட்டது. இடைவெளித் தொல்லை ஒழிந்த பிறகும் ஃபார்ம் அங்கேயே தங்கிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு, அது இன்றும் செல்லும். வரிசைக்கு ஒரு ஃபார்ம் வேண்டும் என்றால், ஒரு டிஆரைச் சுற்றி ஃபார்ம் போட ஹெச்டிஎம்எல் இடம் தருவதே இல்லை. ஒரே டிடிக்குள் ஃபார்ம் போடலாம், முழு டேபிளையும் சுற்றிப் போடலாம். நடுவில் இருக்கும் வரிசை என்ற அளவுக்கு வழி இல்லை. பட்டியலில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத் திருத்திச் சேமிக்க வேண்டும் என்பது ஒன்றும் விசித்திரமான ஆசை இல்லையே. அந்த இடத்தில் மார்க்அப் மொழியைத்தான் குறை சொல்வேன், மீறியவர்களை அல்ல.

## சோர்ஸ் ஒன்று, டாம் வேறொன்று

வியூ சோர்ஸில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. டேபிள் திறக்கிறது, ஃபார்ம் திறக்கிறது, வரிசைகள் வருகின்றன, ஃபார்ம் மூடுகிறது, டேபிள் மூடுகிறது. உள்தள்ளல்கூடச் சுத்தம். படிக்கும் கண் அதை அப்படியே நம்பிவிடும். அப்புறம் இன்ஸ்பெக்டரைத் திறந்தேன். சோர்ஸைப் படித்து பிரவுசர் கட்டிய மரம், அதாவது டாம், அதில்தான் தெரியும். டேபிளின் முதல் பிள்ளையாக ஃபார்ம் நின்றிருந்தது. அதை விரித்துப் பார்க்க அம்புக்குறியே இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை, திறந்த இடத்திலேயே மூடியிருந்தது. இன்புட்டுகள் எல்லாம் அதற்கு அடுத்து, டிபாடிக்குள், ஃபார்ம் என்று ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அப்படியானால் பழைய வரிசைகள் மட்டும் எப்படிச் சேமிக்கப்படுகின்றன? கன்சோலில் பழைய வரிசையின் இன்புட் ஒன்றைப் பிடித்து, உன் ஃபார்ம் எது என்று அதன் ஃபார்ம் ப்ராப்பர்ட்டியைக் கேட்டேன். அந்தக் காலி ஃபார்மைத்தான் காட்டியது. "வரிசை சேர்" அமுக்கி, புதிதாக வந்த இன்புட்டிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "நல்" என்றது. எந்த ஃபார்மும் இல்லையாம். இரண்டு இன்புட்டும் ஒரே டேபிளில், அடுத்தடுத்த வரிசையில், ஒரே நிறத்தில், ஒரே அளவில் இருக்கின்றன. ஒன்றுக்கு வீடு இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

இதற்கான விளக்கம் ஹெச்டிஎம்எல் தர ஆவணத்தின் பார்சிங் பகுதியில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. சோர்ஸைப் படித்து மரத்தைக் கட்டும் பார்சர் டேபிளுக்குள் இருக்கும்போது ஃபார்ம் டேக் எதிர்ப்பட்டால், அதைப் பிழை என்று குறித்துக்கொள்ளும். ஆனாலும் ஃபார்ம் எலிமென்ட்டை உருவாக்கி அங்கேயே வைக்கும். வைத்த கையோடு, திறந்திருக்கும் எலிமென்ட்டுகளின் அடுக்கிலிருந்து அதை எடுத்துவிடும். அதனால்தான் அது காலி. ஆனால் "இப்போது நடப்பில் உள்ள ஃபார்ம் இது" என்று ஒரு சுட்டியில் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்து வருகிற இன்புட், செலக்ட், பட்டன் எதுவானாலும், மரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் சரி, சுட்டி காட்டும் ஃபார்முக்கே சொந்தம். மூடும் ஃபார்ம் டேக் வந்ததும் சுட்டி அழியும். பழைய பக்கங்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, பிரவுசர்கள் ஏற்கெனவே செய்துவந்ததைக் கவனித்து எழுதிய ஏற்பாடு இது. தயவான ஏற்பாடுதான்.

அந்தத் தயவு பார்சரோடு முடிந்துவிடுகிறது. பக்கம் ஏறிய பிறகு ஜாவாஸ்கிரிப்ட் கொண்டுவந்து ஒட்டும் இன்புட்டுக்கு இந்தச் சுட்டி கிடைக்காது. அது தன் மேலே ஏதாவது ஃபார்ம் இருக்கிறதா என்று மரத்தில் ஏறிப் பார்க்கும். டிடி, டிஆர், டிபாடி, டேபிள், பாடி. ஃபார்ம் பக்கவாட்டில் நிற்கிறதே தவிர மேலே எங்கும் இல்லை. எனவே இன்புட் அநாதை. திரையில் மற்றவற்றைப் போலவே இருக்கும், எழுதலாம், அழிக்கலாம், கர்சர் துடிக்கும். சேமி அமுக்கினால் மட்டும் கிளம்பாது.

"சில சமயம்" என்பதன் மர்மமும் இங்கேதான் அவிழ்ந்தது. பக்கம் திறக்கும்போதே சர்வர் சில வெற்று வரிசைகளைச் சேர்த்து அனுப்பும். அவை பார்சர் வழியாக வந்தவை, ஆகவே ஃபார்முக்குச் சொந்தம். கொஞ்சமாகச் சேர்க்கிறவர்கள் அதிலேயே எழுதிச் சேமித்துவிட்டுப் போனார்கள், அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வரிசைகள் போதாமல் பட்டனை அமுக்கியவர்களின் உழைப்பு மட்டும் காற்றோடு போனது. அதாவது, அதிகம் எழுதினவர்களுக்குத்தான் அதிக நஷ்டம்.

ஒரு தடவை இந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்த பிறகு, அதே பக்கத்தில் தனித்தனிக் குறைகள் என்று எழுதிவைத்திருந்தவையெல்லாம் ஒன்று சேர்ந்தன. மாற்றத்தைச் சேமிக்காமல் வெளியேறினால் எச்சரிக்க வேண்டும் என்று யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் வேலை செய்ததே இல்லை. அது ஃபார்மின் மேல் காது வைத்துக்கொண்டு, உள்ளிருந்து சேஞ்ச் ஈவென்ட் மேலே ஏறி வரும் என்று காத்திருந்தது. ஈவென்ட் மரத்தின் வழியாகத்தான் ஏறும், சொந்தத்தின் வழியாக அல்ல. காலி ஃபார்முக்கு எதுவும் வந்து சேராது. "ஃபார்முக்குள் இருக்கும் இன்புட்" என்று எழுதிய சிஎஸ்எஸ் விதிகளும் அதே காரணத்தால் ஒட்டவில்லை. யாரோ சலித்துப்போய் அவற்றுக்குப் பக்கத்தில் இம்பார்ட்டன்ட் போட்டுப் பார்த்திருந்தார்கள், பாவம். தலைப்பை அமுக்கினால் வரிசைகளை அடுக்கித்தரும் வசதி கேட்டு ஒரு கோரிக்கையும் நிலுவையில் இருந்தது. நல்லவேளை, யாரும் செய்திருக்கவில்லை. வரிசையை எடுத்து வேறிடத்தில் வைக்கும்போது, எடுத்த அந்தக் கணத்தில் அது ஃபார்ம் இருக்கும் மரத்தை விட்டு வெளியே போகிறது. அத்தோடு சொந்தம் அறுந்துவிடும், திரும்ப வைத்தாலும் ஒட்டாது. பட்டியலை அகரவரிசைப்படுத்திய பிறகு சேமித்தால், பழைய வரிசைகள்கூடச் சர்வருக்குப் போயிருக்காது.

வரிசைக்கு ஒரு ஃபார்ம் என்று சொருகிய பக்கங்களில் இதைவிடப் பொல்லாத ஒன்று காத்திருக்கிறது. ஒரு வரிசையில் மூடும் டேக் விட்டுப்போனால் சுட்டி அழியாது. சுட்டி உயிரோடு இருக்கும்போது அடுத்த வரிசையின் ஃபார்ம் டேக் வந்தால், பார்சர் அதைக் கண்டுகொள்ளாது. விளைவு, அதற்குக் கீழே உள்ள இன்புட்டுகளும் முந்தைய வரிசையின் ஃபார்மில் போய்ச் சேரும். ஒரே பெயரில் பல மதிப்புகள் சர்வருக்குப் போகும். சர்வர் முதலாவதை எடுக்குமா, கடைசியை எடுக்குமா என்பது அந்தந்த மொழியின் குணம். ஒரு பொருளின் எண்ணிக்கை இன்னொரு பொருளின் தலையில் ஏறும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

வேலிடேட்டரைச் சிவப்புப் பேனா பிடித்த வாத்தியாராகவே பலர் நினைக்கிறார்கள். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தளத்தில் இன்று ஓடும் வேலிடேட்டரான நூ ஹெச்டிஎம்எல் செக்கருக்குள் இருப்பது ஹென்ரி சிவோனன் ஜாவாவில் எழுதிய பார்சர். அதையே சி பிளஸ் பிளஸ்ஸுக்கு மாற்றித்தான் 2011-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4-இல் ஹெச்டிஎம்எல்5 பார்சராகச் சேர்த்தார்கள். ஆக, செக்கர் ஃபார்ம் டேகைப் பற்றி முனகும்போது நம் எழுத்தைத் திருத்திக்கொண்டிருக்கவில்லை. "நீ எழுதியதை நான் வேறு மாதிரி கட்டிவிட்டேன்" என்று பிரவுசர் சார்பில் தகவல் சொல்கிறது. பக்கத்தின் மற்ற இடங்களில் இந்த வேறுபாடு அதிகபட்சம் ஒரு கோணல் மார்ஜினாக முடியும். ஃபார்மில் அது யாரோ உட்கார்ந்து தட்டிய தகவலாக இருக்கும். எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது இதுதான்.

## பழுது பார்த்த விதம்

டேபிள் முழுவதற்கும் ஒரே ஃபார்ம் என்றால் வேலை சுலபம். ஃபார்மை வெளியே எடுத்து, டேபிளை அதற்குள் வைத்துவிட வேண்டியதுதான். புதிய வரிசைகள் மேலே ஏறிப் பார்த்தால் ஃபார்ம் இருக்கும். வேலிடேட்டர் பட்டியலும் பாதிக்கு மேல் சுருங்கியது. ஃபார்ம் பிழைகளுக்கு ஒரு குணம், மேலே ஒன்றைத் திருத்தினால் கீழே அதன் வால்கள் பல தானாக உதிரும். அதனால் முழுப் பட்டியலையும் பார்த்து மலைக்காமல், முதலாவதைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பதே என் வழக்கம்.

வரிசைக்கு ஒரு ஃபார்ம் வேண்டும் என்றால், ஹெச்டிஎம்எல்5 தந்த ஃபார்ம் ஆட்ரிபியூட்தான் கதி. கடைசி டிடியில் ஒரு சின்ன ஃபார்ம், அதற்கு ஓர் ஐடி, உள்ளே சேமி பட்டன் மட்டும். மற்ற டிடிகளில் இருக்கும் இன்புட்டுகள் ஒவ்வொன்றிலும் ஃபார்ம் ஆட்ரிபியூட்டில் அந்த ஐடியை எழுதிவிட்டால், மரத்தில் எங்கே இருந்தாலும் அந்த ஃபார்முக்குச் சொந்தம். பார்சரின் தயவில் கிடைத்த அதே சலுகைதான், இப்போது கேட்டு வாங்கியது. ஸ்கிரிப்ட் சேர்த்த வரிசைக்கும் செல்லும், இடம் மாற்றினாலும் நிலைக்கும். ஒரே எச்சரிக்கை: ஐடி வரிசைக்கு வரிசை மாற வேண்டும். ஒரே ஐடி இரண்டு இடத்தில் இருந்தால் மரத்தில் முதலில் வருவதைத்தான் பிரவுசர் எடுக்கும். முதலில் வருவது ஃபார்மே இல்லாமல் வேறு ஏதாவது எலிமென்ட்டாக இருந்தால், இன்புட் மறுபடி அநாதை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இந்த ஆட்ரிபியூட்டைக் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. அதற்காகப் பலர் தயங்கினார்கள். 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட்டே அதற்கு விடைகொடுத்துவிட்டதால், இன்று அந்தச் சாக்கு செல்லாது.

"டேபிளையே தூக்கிட்டு டிவ் வச்சு கட்டிடலாமே" என்றும் ஒரு யோசனை வந்தது. டிவ் என்ற வெற்றுப் பெட்டிகளுக்கு இடையே ஃபார்மை எங்கே வேண்டுமானாலும் போடலாம், வேலிடேட்டர் வாயைத் திறக்காது. ஆனால் சரக்குப் பட்டியல் உண்மையான அட்டவணை. டேபிளாக இருக்கும்வரை, திரைவாசிப்பான் வைத்திருப்பவர் ஒரு கட்டத்துக்கு வந்ததும் "எண்ணிக்கை" என்ற தலைப்பையும் சேர்த்துக் கேட்க முடியும். டிவ் ஆக்கினால் அது போய்விடும். பிழையில்லை என்று வேலிடேட்டர் பச்சை நிறம் காட்டுவதற்காக அதைப் பலி கொடுக்க எனக்கு மனமில்லை. அமைப்புக்காக மட்டும் டேபிள் போட்டிருந்த லாகின் பக்கத்தில் நிலைமை வேறு, அங்கே யோசிக்காமல் டேபிளைக் கழற்றிவிட்டு கிரிட் போட்டோம்.

## டேபிள் இல்லாமலும் வரும்

டேபிள் காலம் முடிந்துவிட்டது, இந்த வியாதியும் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டு பத்தி அமைப்பில், இடது பத்தி டிவுக்குள் ஃபார்ம் திறந்து வலது பத்தி டிவுக்குள் மூடும் பக்கங்களை இன்றும் பார்க்கிறேன். ஒரு டெம்ப்ளேட் கோப்பு திறக்கும், இன்னொன்று மூடும், இரண்டையும் சேர்த்து யாரும் பார்ப்பதில்லை. இடது டிவ் மூடும்போது ஃபார்மும் அத்தோடு மூடிவிடும், சுட்டி மட்டும் தொடரும். வலது பத்தியில் இருப்பவை அதே மாதிரி ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். இரண்டு பத்தியையும் சுற்றி ஃபார்மை வைப்பதுதான் மருந்து. கிரிட்டுக்கு நடுவில் புதிதாக ஓர் எலிமென்ட் நுழைந்தால் அமைப்பு கலைந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. ஃபார்மையே கிரிட்டாக ஆக்கலாம், அல்லது அதற்கு டிஸ்ப்ளே கன்டென்ட்ஸ் கொடுத்தால் அமைப்பில் அது தலையிடாது.

ஃபார்முக்குள் ஃபார்ம் அடுத்த ரகம். முழுப் பக்கத்தையும் ஒரே ஃபார்முக்குள் அடைக்கும் பழைய ஃப்ரேம்வொர்க்குகளில், தலைப்புப் பட்டையில் ஒரு தேடல் ஃபார்மைச் சேர்த்தால் போதும். உள்ளே திறக்கும் ஃபார்ம் டேகை பார்சர் மதிக்காது. ஆனால் உள்ளே மூடும் டேகை மதிக்கும், அதை வெளி ஃபார்மின் முடிவாக எடுத்துக்கொள்ளும். தேடல் பட்டனை அமுக்கினால் வெளி ஃபார்ம் கிளம்பும், பக்கத்தின் கீழே இருக்கும் சேமி பட்டனை அமுக்கினால் எதுவுமே நடக்காது. இங்கே செக்கர் மிகவும் நேர்மையாகப் பேசுகிறது: ஏற்கெனவே ஒரு ஃபார்ம் நடப்பில் இருக்கிறது, இந்த டேகைப் புறக்கணிக்கிறேன் என்றே எழுதிவிடும். இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

தீர்வு தேடி இணையத்தில் அலைபவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கிடைக்கும் பதில்களில் பல வேறொரு விதிப்புத்தகத்துக்கு எழுதியவை. ஹெச்டிஎம்எல் 4.01 ஸ்டிரிக்ட்டிலும் 2000-இல் வந்த எக்ஸ்ஹெச்டிஎம்எல் 1.0 ஸ்டிரிக்ட்டிலும் ஃபார்முக்குள் இன்புட்டை நேரடியாக வைக்கக் கூடாது, பி, டிவ், ஃபீல்ட்செட் என ஏதாவது ஒன்றுக்குள் வைக்க வேண்டும். அந்தக் காலத்துப் பதிலைப் படித்துவிட்டு, அர்த்தமில்லாத டிவ் ஒன்றை இன்றும் சொருகிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அந்தக் கட்டாயமே கிடையாது. ஆக்‌ஷன் ஆட்ரிபியூட்டும் அப்படித்தான். அன்று கட்டாயம் என்பதால் வெற்று மேற்கோள்குறி போட்டுச் சமாளித்தார்கள், இன்று அந்த வெற்று மேற்கோள்குறிதான் பிழை. அதே பக்கத்துக்கே அனுப்ப வேண்டும் என்றால் ஆக்‌ஷனை எழுதாமலே விட்டுவிடலாம். எந்த அறிவுரையையும் எடுக்குமுன் பக்கத்தின் முதல் வரியில் உள்ள டாக்டைப்பை (எந்த விதிப்புத்தகம் என்ற அறிவிப்பு) பார்த்துவிடுவது நல்லது. பி டேகுக்குள் ஃபார்ம் வைத்தவர்களுக்கு வரும் பிழை மட்டும் எல்லாக் காலத்துக்கும் பொது. ஃபார்ம் திறந்ததும் பி தானாக மூடிவிடும், கடைசியில் மூட வரும் பி டேகுக்கு ஆளில்லாமல் ஒரு வெற்றுப் பத்தி முளைக்கும். ஃபார்மின் கீழே எங்கிருந்து வந்தது என்று தெரியாத இடைவெளிக்குப் பல சமயம் அதுதான் காரணம்.

செலக்ட் பெட்டி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ரிக்வயர்டு (கட்டாயம் நிரப்ப வேண்டும்) போட்ட செலக்ட்டில் முதல் ஆப்ஷனின் வேல்யூ காலியாக இருக்க வேண்டும் என்று செக்கர் பிடிவாதம் பிடிக்கும். பார்க்க வெறும் சம்பிரதாயம் போலத்தான் இருக்கும். வேல்யூ எழுதாவிட்டால் ஆப்ஷனின் எழுத்தே வேல்யூ ஆகிவிடும். ஆகவே யாரும் எதையும் தேர்ந்தெடுக்காமலே ரிக்வயர்டு திருப்தியாகிவிடும். வகை என்ற நெடுவரிசையில் "தேர்ந்தெடுக்கவும்" என்று நிரம்பிய டேட்டாபேஸ்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிழையின் அருமை தெரியும்.

## பச்சை வந்த பிறகு

பக்கம் ஒருவழியாகப் பச்சையானது. நண்பர் சும்மா இருப்பாரா? "பச்சைன்னா என்ன பெரிசா, நேமை எடுத்துட்டுப் பாருங்க" என்றார். ஓர் இன்புட்டின் நேம் ஆட்ரிபியூட்டை அழித்துவிட்டு மறுபடி செக்கரில் போட்டோம். பச்சைதான். நேம் இல்லாத இன்புட் சர்வருக்குப் போகாது, ஆனால் மார்க்அப் விதிப்படி அதில் தவறு இல்லை. ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் பயன்படும் இன்புட்டாக இருக்கலாமே. லேபிள் இல்லாத இன்புட்டுக்கும் செக்கர் எதுவும் சொல்லாது. சொல்லாமல் விட்டதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்கிறவர்களிடம் அவருக்கு இருந்த கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் அது சொல்வதையும் சேர்த்துத் தள்ளிவிடுவதற்கு இது காரணமாகாது என்று இன்றும் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் கண்டுபிடித்த அடுத்த விஷயம்தான் உண்மையில் அதிகம் கற்றுக்கொடுத்தது. பழைய பக்கத்தில் வரிசையை அழிக்க ஒரு லிங்க் இருந்தது. லிங்கை அமுக்கி அழிப்பது எந்த வகையிலும் நல்லதல்ல, தேடுபொறியின் ரோபோகூடத் தொடர்ந்து வந்து அழித்துவிட்டுப் போகலாம். ஆகவே பழுது பார்த்த கையோடு அவற்றை வரிசைக்கு ஒரு சப்மிட் பட்டனாக மாற்றியிருந்தோம். நண்பர் கடைசி வரிசையில் எண்ணிக்கையைத் திருத்திவிட்டு, பட்டனைத் தேடாமல் என்டர் தட்டினார். முதல் வரிசைப் பொருள் அழிந்தது. "உங்க பச்சை!" என்றார்.

டெக்ஸ்ட் இன்புட்டில் என்டர் தட்டினால், மரவரிசையில் அந்த ஃபார்முக்குச் சொந்தமான முதல் சப்மிட் பட்டனை அமுக்கியதாகவே பிரவுசர் எடுத்துக்கொள்ளும். சேமி பட்டன் அடியில் இருந்தது, முதல் வரிசையின் அழி பட்டன் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. சேமியை மேலே கொண்டுபோய் சிஎஸ்எஸ்ஸால் கீழே இறக்கலாம் என்று ஒருவர் சொன்னார். டேப் விசையில் போகிறவர்களுக்கு வரிசை குழம்பும் என்பதால் வேண்டாம் என்றோம். கடைசியில் டேபிளைச் சுற்றியுள்ள ஃபார்முக்கு வெளியே, அழிப்பதற்கென்றே தனியாக ஒரு ஃபார்ம் வைத்தோம். ஒவ்வொரு அழி பட்டனிலும் ஃபார்ம் ஆட்ரிபியூட்டில் அதன் ஐடி, வேல்யூவில் பொருளின் எண். பட்டன் பெரிய ஃபார்முக்குள் உட்கார்ந்திருந்தாலும் சொந்தம் வெளியே இருப்பதற்கு. அமுக்கிய பட்டனின் நேமும் வேல்யூவும் மட்டும் சர்வருக்குப் போகும், எதை அழிப்பது என்று தெரிய அது போதும். பெரிய ஃபார்மில் மிச்சமிருக்கும் சப்மிட் பட்டன் சேமி ஒன்றே. என்டர் தட்டினால் இப்போது சேமிக்கிறது. இன்ஸ்பெக்டரில் பார்த்தால் அழிப்பு ஃபார்ம் காலியாகத்தான் தெரியும், அது காலியாக இருக்கட்டும் என்று டெம்ப்ளேட்டில் ஒரு கமென்ட் எழுதி வைத்திருக்கிறோம், அடுத்து வருகிறவர் தூக்கி எறிந்துவிடக் கூடாதே என்று.